ஏற்றம் காலி, இறக்கம் பாரம்

கல்வராயன் மலைக்கு வண்டி ஏறக்குறைய காலியாக ஏறும், பாரத்தோடு இறங்கும். மேலே போவது ரேஷன் அரிசியும் உர மூட்டையும் சந்தைக்கு வந்து திரும்புகிற ஆட்களும்தான். கீழே வருவது மரவள்ளிக் கிழங்கு, புளி, கடுக்காய், பலாப்பழம். பிக்கப்பின் பின்பட்டையை, அதாவது லீஃப் ஸ்பிரிங்கைப் பற்றி நான் கற்றுக்கொண்டதெல்லாம் இந்த ஒரு சமாச்சாரத்திலிருந்து வந்ததுதான். காலையில் வெறும் வண்டியோடு கல்லிலும் ஓடையிலும் ஏறுகிற அதே பட்டை, சாயங்காலம் ஒரு டன்னுக்கு மேல் கிழங்கைச் சுமந்துகொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டும். இரண்டும் எதிரெதிரான வேலை.

என் தாய்மாமா கச்சிராயபாளையத்தில் கிழங்குக் கமிஷன் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். மலைக்காரர்களிடம் கிழங்கை எடுத்து ஆத்தூர், சின்னசேலம் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்குப் போடுவது தொழில். அப்போது எங்கள் ஊர் விழுப்புரம் மாவட்டம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-இல். நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த காலம். “சும்மா உக்காந்திருக்கிறதுக்கு வண்டியப் பாத்துக்க மாப்ள” என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

மரவள்ளிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பிடுங்கிய இரண்டு நாளில் உள்ளே நீலக்கோடு ஓடி, கிழங்கு கெட ஆரம்பித்துவிடும். மாவுச்சத்தின் அளவைப் பார்த்து, பாயிண்ட் கணக்கில்தான் ஆலையில் விலை. வண்டி மலையில் ஓர் இரவு படுத்துவிட்டால் மறுநாள் பாயிண்ட் இறங்கும். பாயிண்ட் இறங்கினால் மாமா மலைக்காரரிடம் பேசிய விலை கையைக் கடிக்கும். ஆகவே எங்கள் வீட்டில் பட்டை உடைவது மெக்கானிக் சமாச்சாரம் மட்டுமல்ல.

கச்சிராயபாளையத்தைத் தாண்டிக் கோமுகி அணைப் பக்கமாக மலை ஏறினால் வெள்ளிமலை, கரியாலூர். அதுவரை தார். சங்கராபுரம் பக்கமிருந்து வந்தால் சேராப்பட்டு வழி. இந்தத் தார்ச் சாலையை விட்டு இறங்கிய பிறகுதான் எங்களுக்கு வேலையே. காட்டுக்குள் இருக்கும் சிற்றூர்களுக்குப் போகும் பாதை மழையில் ஓடையாகவும் வெயிலில் பாதையாகவும் இருக்கும். 1976-இல் அரசு எடுத்துக்கொள்ளும்வரை இந்த மலை மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. இங்கே அரசாங்கமே பிந்தி வந்த விருந்தாளி, சாலை அதற்கும் பிந்தியது. மலையில் இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடிகள். கேரளத்துக்காரர்களுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ்தான். பெயருக்குப் பின்னால் கவுண்டர் பட்டம் இருப்பதால் நாங்கள் ‘கவுண்டரே’ என்றுதான் கூப்பிடுவோம்.

வண்டி நான்கு சக்கர இழுவை உள்ள பழைய பிக்கப். எந்தக் கம்பெனி என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. கம்பெனிமேல் குறையும் இல்லை. எங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் சமவெளியில் மணலும் ஜல்லியும் அடித்தவர். பின்பக்கம் உட்காரக்கூடாது என்று பட்டைக்கட்டில் கூடுதலாகக் கனத்த பட்டைகளை ஏற்றி வைத்திருந்தார். பார்க்க வண்டி கம்பீரமாக, பின்னால் தூக்கிக்கொண்டு நிற்கும். மாமாவுக்கு அது பெருமை. “எவ்ளோ போட்டாலும் அசையாது” என்பார்.

அசையாததுதான் தொந்தரவு. காலி வண்டியோடு கல்பாதையில் ஏறும்போது பின்சக்கரம் ஒரு கல்லில் ஏறும், பட்டை அமுங்காது, சக்கரத்தோடு சேர்ந்து மொத்தப் பின்பக்கமும் எகிறும். எகிறின சக்கரம் தரையைத் தொடுவதற்குள் வீணாகச் சுழலும், தொட்டதும் ‘டக்’கென்று பிடிக்கும், மறுபடி எகிறும். முடுக்க முடுக்க வண்டி முன்னே போகாமல் நின்ற இடத்திலேயே குதிக்கும். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிதான். தரையில் பதிந்திருக்கிற சக்கரம்தானே இழுக்கும்? குறுக்குப் பள்ளங்களில் பின்சக்கரம் ஒன்று எட்டாமல் அந்தரத்தில் தொங்கும். அப்போது டிஃபரன்ஷியல் வலுவையெல்லாம் அந்தத் தொங்குகிற சக்கரத்துக்கே விட்டுவிடும். பின்னால் நிற்கிற ஆட்கள் குதித்து இறங்கி, தொங்குகிற பக்கத்துப் படியில் ஏறி நின்று கனம் கொடுப்பார்கள். மலைக்காரர்களுக்கு இது பழக்கம். யாரும் சொல்லாமலே இறங்குவார்கள், சொல்லாமலே ஏறுவார்கள்.

கள்ளக்குறிச்சியில் கமான் பட்டை வேலை செய்கிற பட்டறைகள் சில உண்டு. நாங்கள் போனது ஒரு பாய் பட்டறை. அறுபதைத் தாண்டியவர், முன்னங்கை முழுக்கத் தீப்பொறித் தழும்பு. மாமா வழக்கம்போல, “பாய், இன்னும் ஒரு பட்ட ஏத்தி, லேசா கேம்பர் அடிச்சுக் குடுங்க, சரியாயிடும்” என்றார்.

பாய் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். “பட்டய ஏத்தறது என்னா வேல மொதலாளி? பையன்கூட ஏத்துவான். எறக்கறதுதான் வேல. எத எறக்கறதுன்னு தெரியணும்.” பிறகு என்னைப் பார்த்து, “மேல போறப்ப என்னா இருக்கும் தம்பி வண்டில?” என்று கேட்டார். ஒன்றுமிருக்காது என்றேன். “அப்ப ஒன்னுமில்லாததுக்கு ஒரு பட்ட வேணும்” என்றார்.

பாலிடெக்னிக்கில் எழுதிப் படித்த சூத்திரம் எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. பட்டைக்கட்டின் விறைப்பு பட்டைகளின் எண்ணிக்கைக்கு நேராகக் கூடும், அகலத்துக்கு நேராகக் கூடும். ஆனால் கனத்துக்கு மூன்று மடிப் பெருக்கமாகக் கூடும். எட்டு மில்லிமீட்டர் பட்டையை எடுத்துவிட்டு அதே நீளத்தில் பத்து மில்லிமீட்டர் வைத்தால் கண்ணுக்கு இரண்டு மில்லிதான் வித்தியாசம். அந்தப் பட்டையின் விறைப்போ கிட்டத்தட்ட இரட்டிப்பு. நீளம் இதற்குத் தலைகீழ். பத்தில் ஒரு பங்கு நீளம் கூடினால் விறைப்பு கால்வாசி குறையும். முன்னவர் கனத்த பட்டைகளாகப் பார்த்து ஏற்றியதால் வண்டி எண்ணிக்கையில் காட்டியதைவிடப் பல மடங்கு விறைத்துக் கிடந்தது. பாய்க்கு சூத்திரம் தெரியாது. ஆனால் இரண்டு பட்டையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இது ஒன்னு அது ரெண்டுக்குச் சமம்” என்று அவர் சொன்ன கணக்கு சரியாகவே இருந்தது.

இந்தச் சாமானுக்கு வயது அதிகம். இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்பவர் 1804-இல் குதிரை வண்டிக்கு நீள்வட்டப் பட்டைக்குக் காப்புரிமை வாங்கினார். நம் பக்கத்தில் பெரிய வீட்டு வில் வண்டிகளில் இருந்ததும் இதே குடும்பம்தான். நெல் மூட்டை ஏற்றுகிற வண்டிக்கு வில் கிடையாது. அச்சுமேல் நேராகப் பார் உட்காரும். வில் இருந்தால் அது ஆள் போகிற வண்டி, அதிலும் அந்தஸ்துள்ள ஆள். 1893-இல் திருவிதாங்கூரில் தலித் தலைவர் அய்யன்காளி தம் மக்களுக்குத் தடுக்கப்பட்ட தெருக்களின் வழியே வில் வண்டியில் போனார் என்றால், அதில் வண்டியும் ஒரு வாதம். கார்கள் சுருள் ஸ்பிரிங்குக்குப் போய்விட்டன. பாரம் தூக்குகிற வண்டிகள் மட்டும் பட்டையை விடவில்லை. ஏனென்றால் அது மூன்று வேலையை ஒரே சம்பளத்தில் செய்கிறது: கனத்தைத் தாங்கும், ஆக்ஸிலை அதன் இடத்தில் பிடித்து வைக்கும், எஞ்சின் தள்ளுவதையும் பிரேக் இழுப்பதையும் சேஸிஸுக்குக் கடத்தும். மூன்றில் ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் கேள்வி கேட்கும் என்பதை அப்புறம் பார்த்தோம்.

பாய் சொன்ன யோசனை: ஆள் ஏற்றுகிற பழைய வேன் ஒன்றின் பின்பட்டையை வாங்குவது. அது நீளம், மெல்லிய பட்டைகள், எண்ணிக்கை அதிகம். அகலம் எங்கள் வண்டியோடு ஒத்துப்போக வேண்டும், முன்பாதி நீளமும் ஒத்துப்போக வேண்டும். பட்டையின் முன்கண்ணிலிருந்து சென்டர் போல்ட்வரை உள்ள தூரம் மாறினால் ஆக்ஸில் முன்னேயோ பின்னேயோ நகர்ந்துவிடும். நகர்ந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒன்று எட்டாது, அல்லது முட்டும். சேலத்துப் பழைய சாமான் கடைகளில் மாமாவும் நானும் டேப்போடு அலைந்தோம். மாமா விலை பேசுவார், நான் அளப்பேன். முன்பாதி அச்சாகப் பொருந்தி, பின்பாதி மட்டும் நீண்டிருந்த ஒரு ஜோடி கிடைத்தபோது மாமா, “இதுவா? இவ்ளோ ஒல்லியா இருக்கு?” என்று கடைக்காரர் எதிரிலேயே முகம் சுளித்தார். அதனால் விலை குறைந்தது என்று அப்புறம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

பின்பாதி நீண்டதால் பின்பக்க சேக்கிள் தாங்கியைப் பின்னால் தள்ள வேண்டியிருந்தது. பாய் சேஸிஸில் வெல்டிங் வைக்க மாட்டார். பட்டையிலும் வைக்க மாட்டார். “நெருப்பு பட்ட எடத்துல இரும்புக்கு ஞாபகம் போயிடும்” என்பார். பட்டை என்பது வெறும் இரும்பில்லை. சிலிக்கானோ குரோமியமோ கலந்த எஃகைச் செக்கச்சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து விறைக்க வைத்து, பிறகு அளவாகச் சுட்டுப் பதப்படுத்தியது. கேஸ் விளக்கைக் காட்டி வளைத்தால் அந்தப் பதம் போய்விடும். அன்றைக்கு வளைவு நன்றாகத் தெரியும். நாலு லோடில் உட்கார்ந்துவிடும். கேம்பர் அடிப்பதிலும், அதாவது பட்டையை அடித்து வளைவு ஏற்றுவதிலும், அவருக்கு ஒரு கறார் உண்டு. பாரம் விழும்போது இழுபடுவது பட்டையின் குழிந்த மேல்முகம். அங்கே சம்மட்டியின் விளிம்பு ஆழமாக வெட்டினால் விரிசல் அந்த வெட்டிலிருந்துதான் புறப்படும். அதனால் விளிம்பு மழுங்கிய சம்மட்டியை மட்டும் கையில் எடுப்பார், சிறு பையன்களைக் கிட்டே விட மாட்டார்.

மாட்டுவதில் இரண்டு விஷயங்களைப் பட்டறைக்குப் பட்டறை தப்பாகச் செய்வதை இன்றும் பார்க்கிறேன். ஒன்று, புஷ் போல்ட். வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே அதை முறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் நின்று வண்டி தன் உயரத்துக்கு வந்த பிறகுதான் கடைசி முறுக்கு. இன்னொன்று, பட்டைக்கட்டை ஆக்ஸிலோடு இறுக்குகிற யு போல்ட். புதிதாகக் கட்டிய பட்டைகள் முதல் லோடில் ஒன்றோடொன்று படிந்து இறுகும். அப்போது யு போல்ட் தானாகத் தளரும். தளர்ந்த யு போல்ட்டோடு ஓடினால் வளைவெல்லாம் நடுத் துளையில் வந்து விழும். சென்டர் போல்ட் துளையில் இரண்டாக உடைந்த பட்டையை யாராவது காட்டினால், “பட்டைமேல தப்பில்ல, ஸ்பேனர்மேல தப்பு” என்பார் பாய்.

காலி வண்டியோடு மலை ஏறிய முதல் நாள் மாமா பேசவே இல்லை. கல்லில் சக்கரம் ஏறியது, பட்டை அமுங்கியது, வண்டி மட்டமாகவே போனது. வழக்கமாக ஆட்கள் இறங்கி ஏறும் இடத்தில் யாரும் இறங்கவில்லை. சாயங்காலம் கிழங்கு ஏற்றியதும் கதை மாறியது. வண்டி வாலைத் தரையில் போட்டது. முன்விளக்கு மரத்து உச்சியைப் பார்த்தது. மாமாவுக்குப் பேச்சு வந்துவிட்டது.

இது பாய் எதிர்பார்த்ததுதான். மெல்லிய கட்டுக்குக் கீழே, பழைய கட்டிலிருந்து எடுத்த ஒரு கனத்த தட்டைப் பட்டையை ஹெல்ப்பராக வைப்பது அவர் திட்டத்தில் இருந்தது. காலி வண்டியில் அது எதையும் தொடாமல் சும்மா இருக்கும். பாரம் ஏறி மேல்பட்டைகள் தட்டையாகி வரும்போது அதன் முனைகள் தொட்டு, அங்கிருந்து பாரத்தைத் தானும் பங்கிட்டுக்கொள்ளும். எங்கே தொட வேண்டும் என்பதுதான் மொத்தக் கேள்வி. சீக்கிரம் தொட்டால் அரை லோடிலேயே பழைய குதிப்பு. தாமதமாகத் தொட்டால் அதற்குள் ஆக்ஸில் மேலே இருக்கும் ரப்பர் முட்டில் இடிக்கும். இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் கட்டுக்கு நடுவே தகடு வைக்க வேண்டும்.

எங்கே தொடுகிறது என்று ஓடுகிற வண்டிக்கடியில் படுத்தா பார்க்க முடியும்? வண்டியில் வழக்கமாக வருகிற ஒரு கவுண்டர், நாங்கள் இரண்டு பேரும் குனிந்து குனிந்து பார்ப்பதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். பிறகு மடியிலிருந்து வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவை எடுத்து, ஹெல்ப்பர் முனையில் விரலால் தடவினார். “மேல ஒட்டுச்சுன்னா தொட்டுச்சு” என்றார். பட்டறையில் கிடைக்காத அளவுக் கருவி. அன்றிலிருந்து எங்கள் வண்டியில் சுண்ணாம்பு டப்பா ஒன்று இருந்தது. ஷாக் அப்சார்பர் கம்பியில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டிவிட்டேன். ஒரு நடையில் பட்டை அதிகபட்சம் எவ்வளவு அமுங்கியது என்பதை அது தள்ளப்பட்ட இடம் சொல்லும். காலி ஏற்றத்தில் சுண்ணாம்பு அழியாமல் இருக்க வேண்டும். அரை லோடைத் தாண்டியதும் ஒட்ட வேண்டும். முழு லோடில் ரப்பர் பேண்ட் முட்டுவரை போகக்கூடாது. மார்கழி, தை அறுவடை முழுக்கத் தகடு மாற்றி மாற்றி அந்த இடத்தைப் பிடித்தோம்.

இதற்குப் பின்னால் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. தன் கனத்தால் வண்டி பட்டைமேல் எவ்வளவு அமுங்கி நிற்கிறதோ அதுதான் அது ஆடும் வேகத்தைத் தீர்மானிக்கும். இருபத்தைந்து சென்டிமீட்டர் அமுங்கினால் நொடிக்கு ஒரு முறை ஆடும். ஆறு சென்டிமீட்டர் மட்டும் அமுங்கினால் நொடிக்கு இரண்டு முறை. நொடிக்கு இரண்டு என்பது குடலைக் கலக்கும் வேகம். முன்னவர் கட்டியிருந்த கட்டில் காலி வண்டி ஆறு சென்டிமீட்டர்கூட அமுங்கியதில்லை.

அடுத்த தொல்லை செங்குத்து ஏற்றத்தில் வந்தது. மெல்லிய பட்டை மேலும் கீழும் இளகுவதோடு நிற்காது, முறுக்குக்கும் இளகும். லோ கியரில் கால் வைத்ததும் சக்கரம் முன்னே சுழல, ஆக்ஸில் கூடு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். பட்டை பாம்பாக நெளியும், நெளிந்தது விடுபடும், மறுபடி நெளியும். அடியில் சம்மட்டி அடிப்பதுபோலச் சத்தம். பாய் இதற்குப் பட்டை சேர்க்கவில்லை. பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கிற கிளிப்புகளை இடம் மாற்றினார். முன்பாதியில் கிளிப் இறுக்கமாக, ஆக்ஸிலுக்குக் கொஞ்சம் கிட்டே. பின்பாதியில் தளர்வாக, முனைப் பக்கம். முறுக்கை முன்பாதி தாங்கிக்கொள்ளும், இளக்கத்தைப் பின்பாதி கொடுக்கும். மெயின் பட்டைக்குக் கீழுள்ள இரண்டாம் பட்டையையும் முன்கண்வரை நீண்டதாகத் தேடிப் போட்டார். சத்தம் முழுக்கப் போகவில்லை. போகவேண்டிய அளவுக்குப் போனது.

பட்டை மாறியதால் ஆக்ஸிலின் மூக்கு லேசாக மேலே திரும்பியிருந்தது. தாரில் கொஞ்சம் வேகம் எடுத்தால் இருக்கைக்கடியில் ஒரு நடுக்கம். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் இரண்டு முனைக் கிராஸ்களும் ஒரே கோணத்தில் மடங்கினால் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை இன்னொன்று சரிக்கட்டிவிடும். கோணம் மாறினால் நடுங்கும். ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே சாய்வான இரும்பு ஆப்பு ஒன்று வைத்ததோடு தீர்ந்தது. இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

பிரேக் அப்படியில்லை. நான் இந்தக் கட்டுரையை எழுத முக்கியக் காரணமே அதுதான். பட்டையை மாற்றுகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அதைத் தொடுவதே கிடையாது.

பாரம் ஏற்றுகிற பல பிக்கப்களில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பி ஓடும். அதன் மேல்முனையில் ஒரு வால்வு. வண்டியின் பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை அந்தக் கம்பி வால்வுக்குச் சொல்லும். தாழ்ந்திருந்தால் பாரம் இருக்கிறது என்று பொருள், பின்பிரேக்குக்கு எண்ணெய் அழுத்தம் முழுசாகப் போகும். உயர்ந்திருந்தால் வண்டி காலி. அழுத்தத்தைக் குறைத்துவிடும், காலி வண்டியின் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கக்கூடாது என்பதற்காக. அந்த வால்வுக்குக் கிழங்கும் தெரியாது மூட்டையும் தெரியாது. உயரம் ஒன்றுதான் தெரியும்.

முன்னவர் பட்டை ஏற்றித் தூக்கிக் கட்டியிருந்தாரே, அந்த வண்டி முழு லோடிலும் வாலைத் தூக்கிக்கொண்டுதான் நின்றது. வால்வு அதைக் காலி வண்டி என்றே எண்ணிக்கொண்டிருந்தது. மலை இறக்கத்தில் ஒரு டன்னுக்கு மேல் கிழங்கோடு வரும் வண்டியைப் பெரும்பாலும் முன்பிரேக்கே பிடித்து நிறுத்திக்கொண்டு வந்திருக்கிறது. கோமுகி அணை கண்ணில் படுவதற்குள் முன்சக்கரத்திலிருந்து கருகல் வாசனை வருவதும், பிரேக் பேட் அடிக்கடி தேய்வதும் ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. மாமா அதுவரை மட்டமான பேட் கொடுக்கிறார்கள் என்று கடைக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்.

புதுக்கட்டில் இது நேர் எதிராகத் திரும்பும். இளகிய பட்டை அரை லோடிலேயே நன்றாகத் தாழும்; வால்வு முழு லோடு என்று எண்ணிப் பின்பிரேக்குக்கு வாரிக் கொடுக்கும். ஈரமான வளைவில் பின்சக்கரம் பூட்டினால் வண்டி வாலை முன்னே கொண்டுவரப் பார்க்கும். முன்சக்கரம் முதலில் பூட்டினால் வண்டி நேராகப் போகும், திரும்பாது. பின்சக்கரம் முதலில் பூட்டினால் சுற்றும். மலையில் இரண்டுமே வேண்டாதவை என்றாலும் இரண்டாவதற்கு மருந்தில்லை. ஆகவே கம்பியின் நீளத்தைப் புது உயரத்துக்குத் தக்கபடி திருத்த வேண்டும். பிரேக் மெக்கானிக் ஒருவரை மாமா கூட்டி வந்தார். கீழே, ஆள் நடமாட்டமில்லாத ஒரு மண் திடலில், காலியாக, அரை லோடாக, முழு லோடாக என்று மெதுவான வேகத்தில் மிதித்து மிதித்துப் பார்த்தோம். மண்ணில் எந்தச் சக்கரத்தின் இழுப்புத் தடம் முதலில் விழுகிறது என்று நான் இறங்கிப் பார்ப்பேன். மூன்று நிலையிலும் முன்தடம் முதலில் விழும்வரை கம்பியைத் திருகினோம். அந்த நாளைக்குக் கூலி ஆட்களுக்குக் கொடுத்ததை மாமா வெகுநாள் சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தார். ஆனாலும் அதன்பிறகு அவரே இறக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தூங்க ஆரம்பித்தார்.

பட்டையை எவ்வளவு சரிசெய்தாலும் பிரேக்கை நம்பி மட்டும் மலை இறங்கக்கூடாது; எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்பது இங்கே ஓட்டுபவர்கள் எல்லாரும் சொல்வது. அதுபோல, பட்டை சேர்த்தால் அனுமதிக்கப்பட்ட பாரம் கூடிவிடாது. ஆர்.சி. புத்தகத்தில் எழுதிய எடை எழுதியதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. பட்டையில் கை வைப்பவர்கள் எஃப்.சி.க்கு நிறுத்துகிற நாளை மனதில் வைத்துக்கொண்டே கை வைப்பது நல்லது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவதும் சட்டப்படி தப்புதான். பேருந்து போகாத ஊர்க்காரரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

அந்த ஆட்கள்தான் கடைசித் திருத்தத்துக்கும் காரணம். டிரைவர் இருக்கைக்குத் தெரியாததெல்லாம் பின்னால் நிற்பவர்களின் காலுக்குத் தெரியும். சுண்ணாம்பு கொடுத்த அதே கவுண்டரிடம், “இப்ப எப்படி இருக்குது கவுண்டரே?” என்று கேட்டேன். “முன்ன தூக்கித் தூக்கிப் போடும். இப்ப தாலாட்டுது. புள்ளைங்க வாந்தி எடுக்குது” என்றார். விறைத்த பட்டைக்குப் போட்டிருந்த பழைய ஷாக், இளகிய பட்டையின் ஆட்டத்தை அடக்கப் போதவில்லை. நீளமும் போதவில்லை, பள்ளத்தில் சக்கரம் முழுசாகத் தொங்குமுன் ஷாக்கே அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. நீளமான, கொஞ்சம் இறுக்கமான ஜோடி போட்டதும் தாலாட்டு நின்றது. கூடவே பின்பிரேக் ஹோஸையும் நீளமானதாக மாற்றினோம். சக்கரம் கூடுதலாகத் தொங்கினால் அது இழுபடும்.

பட்டைகளுக்கு நடுவிலான உராய்வும் ஆட்டத்தை அடக்குகிற ஒரு சங்கதிதான். அது ஓரளவு வேண்டும், துருவாக வேண்டாம். எங்கள் பக்கத்தில் பட்டை கிரீச்சிட்டால் கழிவு எஞ்சின் ஆயிலைத் தெளித்துவிடுவார்கள். சத்தம் அன்றைக்கே போகும். ஆனால் அந்த எண்ணெய் ரப்பர் புஷ்ஷைத் தின்னும், புழுதியைப் பிடித்து அரைக்கும் சாந்தாக்கிப் பட்டையைத் தேய்க்கும். பாய், கட்டைப் பிரித்துத் துருவைச் சுரண்டி, கிராஃபைட் கிரீஸ் தடவித் திரும்பக் கட்டுவார். சோம்பேறித்தனத்துக்கு அவரிடம் இடமில்லை.

கழற்றிப்போட்ட கனத்த பட்டைகள் வீட்டுத் திண்ணையோரம் கிடந்தன. பழைய இரும்புக்காரன் கேட்டான், மாமா கொடுக்கவில்லை. மலையிலிருந்து வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பார்த்து, தயங்கி, கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். லாரிப் பட்டையில் அடித்த கொடுவாளுக்கும் அரிவாளுக்கும் இணை கிடையாது என்பது கொல்லர்கள் எல்லாரும் ஒப்புக்கொள்கிற விஷயம். கடுக்காய்க் கொம்பு கழிக்கவும் கரும்பு வெட்டவும் அந்தப் பட்டைகள் இன்னும் எங்காவது உழைத்துக்கொண்டிருக்கும். பாரம் சுமந்த காலத்தைவிட அதிகப் பயனோடு என்றுதான் நினைக்கிறேன்.

எனக்கு வேலை கிடைத்து நான் ஊரைவிட்டுப் போனேன். மலைப் பாதைகளில் சில தாராகிவிட்டன, சில அப்படியே இருக்கின்றன. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலை பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்தபோது, சாலையும் பேருந்தும் பேச்சுக்கு வந்தன. பேப்பரில் படித்துவிட்டு மாமாவுக்குப் போன் செய்தேன். “வண்டியக் குடுத்துட்டேன் மாப்ள” என்றார், நான் வேறெதையோ கேட்கப் போக. முட்டி வலி, மலை ஏற முடியவில்லையாம்.

வாங்கியவர் தியாகதுருகம் பக்கத்துக்காரர், செங்கல் ஏற்றுகிறார், தார்ச் சாலை மட்டும்தான். வாங்கின வாரமே வண்டியைப் பட்டறையில் விட்டு, ஹெல்ப்பரை மேலே நெருக்கி, இரண்டு கனத்த பட்டை ஏற்றிக்கொண்டாராம். மாமா இதை வருத்தத்தோடு சொன்னார். செங்கலுக்கு அது சரிதான் மாமா என்றேன். பிரேக் கம்பியைத் திருத்தினாரா என்று மட்டும் கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்படின்னா என்னான்னு கேக்கறான்” என்று மறுநாள் கூப்பிட்டார். அவர் நம்பரை வாங்கி நானே பேசினேன்.